கையுள்ள சிறு யந்திரங்களும் கிராமப் பஞ்சாயத்துக்களும்

யந்திர மனிதன் என்றவுடன் நம்மிற் பலருக்குப் பொருட்காட்சியிலோ திரைப்படத்திலோ கண்ட உருவமே நினைவுக்கு வரும். இரண்டு கால்கள், இரண்டு கைகள், ஒளிவிடும் கண்கள், கேட்டதற்கு மறுமொழி கூறும் ஒரு குரல். இத்தகைய உருவங்கள் இன்று மிகச் சிறிய அளவிலும் செய்யப்படுகின்றன. பிரான்சு நாட்டில் உருவான நாவோ என்னும் யந்திரம் 58 சென்டிமீட்டர் உயரமே உடையது. தொட்டிற் குழந்தையைவிடச் சற்றே பெரிய இந்த உருவம் நடக்கவும், குனியவும், சிறு பொருள்களை எடுக்கவும் வல்லது.

நம் வள்ளியூர்ப் பகுதியினருக்கு இச்செய்தி அத்தனை தொலைவானதன்று. நமக்கு மேற்கே நிற்கும் மகேந்திரகிரி மலையடிவாரத்தில் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் உந்தும வளாகம் இருக்கிறது. மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கான எஞ்சின்கள் அங்கே சோதிக்கப்பட்டன. அதே திட்டத்தில் மனிதருக்கு முன்னதாகச் சென்று வருவதற்கென வியோமித்ரா என்னும் பெண்ணுருவ யந்திரம் உருவாக்கப்பட்டு, 2020 ஜனவரியில் பெங்களூரில் காட்டப்பட்டது. அதற்கு இடுப்புக்குக் கீழே கால்கள் கிடையா. விண்கலத்தில் அமர்ந்த இடத்திலிருந்தே விசைகளை இயக்குவதற்குக் கால் தேவையில்லை என்பதால் பொறியாளர் அதனை வைக்கவில்லை.

கிராமத்துக்கு இந்த யந்திரங்களால் என்ன பிரயோஜனம் என்று ஆராயப் புகும் நாமும் இந்த முறையையே பின்பற்றலாம். வேலைக்கு எந்த உறுப்பு வேண்டுமோ அதை மட்டும் பார்க்க வேண்டும். வரப்பிலே இரண்டு கால்களால் நடக்கும் யந்திரம் பத்தடி தாண்டுவதற்குள் சேற்றில் விழும். விழாவில் அமைச்சருக்கு மாலையிடும் யந்திரப் பொம்மைக்குப் பஞ்சாயத்துப் பணத்தைச் செலவிடுமாறு எவரேனும் யோசனை கூறினால், அங்கத்தினர்கள் அவருக்கு மோர் கொடுத்து அனுப்பி விடலாம். நமக்கு வேண்டுவது கண்ணும் கையும் மட்டுமே. மனிதன் போகக் கூடாத இடத்துக்கு, அல்லது அவன் உடல் நுழைய முடியாத இடத்துக்கு, அவனுடைய கண்ணையும் கையையும் கொண்டு செல்லும் சிறு கருவி நம் கிராமங்களில் இரண்டு இடங்களில் உயிர் காக்கும். ஒன்று ஆழ்துளைக் கிணறு. மற்றொன்று கழிவுநீர்த் தொட்டி.

குத்தாலப்பேரியில் நடந்தது

2014 ஏப்ரல் மாதத்தில் சங்கரன்கோவிலை அடுத்த குத்தாலப்பேரியில் மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் மூடப்படாத ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தான். சங்கரன்கோவில் அக்காலத்தில் நம் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தது. தென்காசி தனி ஜில்லாவானது 2019 நவம்பரில்தான். கிணறு பல நூறு அடி ஆழமுடையது. நல்வேளையாகச் சிறுவன் மேற்பகுதியிலேயே சிக்கிக் கொண்டான். மதுரையைச் சேர்ந்த எம். மணிகண்டன் என்பார் இத்தகைய விபத்துக்களுக்கென்றே தாம் உருவாக்கியிருந்த யந்திரத்துடன் வரவழைக்கப்பட்டார். யந்திரம் கயிற்றில் இறக்கப்பட்டது. சில மணி நேரத்தில் சிறுவன் உயிருடன் வெளியே வந்தான்.

அந்த யந்திரத்துக்கு முகம் இல்லை, நடக்கவும் தெரியாது. குழாய் போன்ற மெல்லிய உடலில் காமிரா ஒன்றும், இருட்டில் காண்பதற்குச் சிறு விளக்குகளும், மோட்டாரால் விரிந்து மூடும் இரும்புக் கைகளும் அமைந்திருக்கும். மேலே இருப்பவர் திரையில் குழந்தையைப் பார்த்துக் கொண்டே விசையை இயக்கி, கைகளை மெல்ல நெருக்கிப் பிடிக்கச் செய்கிறார். பின்னர் கயிறு மேலே இழுக்கப்படுகிறது. இதிலே யந்திரம் தானாக முடிவு செய்வது ஒன்றுமில்லை. எந்த அளவுக்கு இறுக்கினால் எலும்பு நோகாது, எந்த அளவுக்குத் தளர்த்தினால் பிடி நழுவாது என்பதை மேலே நிற்பவரின் பழக்கமே தீர்மானிக்கிறது.

யந்திரத்தின் வரம்புகளையும் அங்கத்தினர்கள் தெரிந்து கொள்வது நலம். துளை ஆறரை அங்குலம் உடையதாக இருந்தால் குழந்தையின் உடலே அதனை அடைத்துக் கொண்டு நிற்கும். யந்திரம் பக்கவாட்டில் புகுந்து குழந்தைக்குக் கீழே செல்ல வழியில்லை. மேலிருந்து எட்டக் கூடியதை மட்டுமே அது பற்றும். குழந்தையின் கைகள் தலைக்கு மேல் உயர்ந்திருந்தால் மணிக்கட்டைப் பிடிக்கலாம். கைகள் உடலோடு ஒட்டிக் கீழே இருந்தால் பிடிப்பதற்குத் தகுந்த இடமே அகப்படாது. மேலிருந்து மண் சரிந்து தலையை மூடிவிட்டால் காமிரா குருடாகும். ஈரமும் சேறும் இருந்தால் பற்றிய கை வழுக்கும். ஆழம் கூடக் கூட இத்தொல்லைகள் ஒவ்வொன்றும் பெருகும்.

திருச்சி ஜில்லா மணப்பாறைக்கு அருகிலுள்ள நடுக்காட்டுப்பட்டியில் 2019 அக்டோபர் 25ஆம் தேதி மாலை இரண்டு வயதுக் குழந்தை விழுந்தபோது இவ்வளவும் சேர்ந்து வந்தன. பல குழுவினர் பல கருவிகளுடன் முயன்றனர். முதலில் முப்பது அடிக்குள் இருந்த குழந்தை, மீட்புப் பணி நடக்கும்போதே எண்பது அடிக்கும் கீழே சரிந்து விட்டது. பக்கத்தில் இணையான குழியொன்று தோண்டப் பெரிய துளையிடும் யந்திரங்கள் வந்தன. கீழே கடும்பாறை. மணிக்கணக்கில் இயங்கியும் சில அடிகளே இறங்க முடிந்தது. 29ஆம் தேதி அதிகாலையில் குழந்தையின் உடல்தான் எடுக்கப்பட்டது.

இணையான குழி எல்லா ஊரிலும் தோல்வியுறும் என்பதில்லை. 2006 ஜூலையில் ஹரியானா மாநிலம் ஹல்தாஹேரி கிராமத்தில் ஏறத்தாழ அறுபது அடி ஆழத்தில் விழுந்த ஐந்து வயதுச் சிறுவனை இராணுவத்தினர் அம்முறையாலேயே மீட்டனர். பக்கத்தில் இருந்த பழைய கிணற்றின் வழியே இறங்கி, அங்கிருந்து பக்கவாட்டில் சுரங்கம் தோண்டிச் சிறுவனை அடைந்தனர். ஐம்பது மணி நேரம் ஆயிற்று. அங்கே மண் நதிகள் கொண்டு வந்து படிய வைத்த வண்டல், மண்வெட்டிக்கு இணங்கியது. நம் வள்ளியூர், ராதாபுரம், பணகுடி வட்டாரங்களில் மேல்மண் நீங்கினால் பாறைதான். இங்கே கிணறு வெட்டியவர்களுக்கு இதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வெடி வைக்காமல் எத்தனை அடி இறங்கினோம் என்று அவர்களே சொல்வார்கள். ஹரியானாவில் கைகொடுத்த முறை நடுக்காட்டுப்பட்டியில் கைவிட்டது போலவே நம்மிடத்திலும் கைவிடும் என்றுதான் கருத வேண்டும். ஆகவே நம் வட்டாரத்தில் மேலிருந்து இறங்கும் சிறு யந்திரமே முதல் நம்பிக்கை. அந்த நம்பிக்கையும் முதல் முப்பது அடிக்கு உட்பட்டது.

திறந்த துளை உண்டாகும் விதம்

துளையிட்டவுடன் மேல்மண் சரியாதிருக்கப் பாறை தட்டும் வரையில் கேசிங் குழாய் இறக்குகிறார்கள். தண்ணீர் கிடைக்கவில்லை, அல்லது சில ஆண்டுகளில் வற்றிவிட்டது என்றால், விவசாயி அக்குழாயை உருவி அடுத்த கிணற்றுக்கு உபயோகிக்கிறார். பணம் போட்டவருக்கு அது நியாயமாகவே தோன்றும். ஆனால் குழாய் போனபின் மண்ணிலே வெறும் ஓட்டை நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அதன் வாய் கரைந்து புனல் போல் விரிகிறது. ஆறரை அங்குலம் ஒரு முழமாகிறது. மேலே வைத்த சாக்கும் கல்லும் உள்ளே போய்விடுகின்றன, அல்லது சாக்கு மட்டும் மக்கி, பார்வைக்குத் தரை போலக் கிடக்கிறது. தாமிரபரணி வாய்க்கால் பாயாத நம் வறண்ட பகுதியில் ஒரே தோட்டத்தில் மூன்று நான்கு இடங்களில் துளையிட்டுப் பார்த்தவர்கள் உண்டு. ஓடுகின்ற ஒன்றுக்கு மின் இணைப்பு இருக்கிறது, கணக்கும் இருக்கிறது. மற்ற மூன்றும் எந்த ஏட்டிலும் இல்லை.

மோட்டார் பழுதாகி வெளியே எடுக்கப்பட்ட நாட்களும் அபாயமானவை. பழுது பார்ப்பவர் மோட்டாரை நகரத்துக்கு எடுத்துச் செல்கிறார். இரண்டு நாட்களில் வந்துவிடும் என்பதால் துளை அப்படியே இருக்கிறது.

சுப்ரீம் கோர்ட்டு 2010 பிப்ரவரி 11ஆம் தேதி வகுத்துத் தந்த நெறிமுறைகள் இவை யாவற்றுக்கும் விடை கூறுகின்றன. துளையிடுவதற்குப் பதினைந்து நாட்களுக்கு முன் அதிகாரிகளுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். துளையிடும் நிறுவனம் பதிவு பெற்றதாக இருக்க வேண்டும். வேலை நடக்கும்போது வேலியும் அறிவிப்புப் பலகையும் வேண்டும். குழாயைச் சுற்றி அரை மீட்டர் நீள அகலமும், தரைக்கு மேல் 30 சென்டிமீட்டரும் கீழே 30 சென்டிமீட்டரும் கொண்ட சிமெண்டு மேடை கட்ட வேண்டும். வாயை இரும்புத் தகடு வைத்துப் பற்றவைத்தோ, திருகாணியால் இறுக்கிய மூடியாலோ மூட வேண்டும். மோட்டார் பழுதுபார்க்கும் நாளிலும் திறந்து விடலாகாது. கைவிட்ட துளையைக் களிமண், மணல், கூழாங்கல், துளையிட்ட கல்தூள் ஆகியவற்றால் அடியிலிருந்து தரைமட்டம் வரையில் நிரப்ப வேண்டும். நம் மாநிலத்திலும் கிராமப் பஞ்சாயத்துப் பகுதிகளில் கிணறு தோண்டுவதை முறைப்படுத்தவும் பாதுகாப்புக்காகவும் 2015இல் விதிகள் செய்யப்பட்டன. துளையிட விரும்புவோர் பஞ்சாயத்தின் அனுமதி பெற்றே தொடங்க வேண்டும்.

நிரப்புவதற்கு ஆகும் செலவை நினைத்தே பலரும் தயங்குகின்றனர். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறரை அங்குல விட்டமும் 300 அடி ஆழமும் உடைய துளையின் கொள்ளளவு ஏறத்தாழ 70 கன அடி. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. ஆகவே டிராக்டர் டிரெய்லர் ஒன்றில் வரும் மண்ணே போதும், மிச்சமும் இருக்கும். கொட்டும்போது அவசரம் கூடாது. ஈரமண்ணை ஒரேயடியாகத் தள்ளினால் இடையிலே அடைத்துக் கொண்டு, மேலே நிரம்பியதாகத் தோன்றும். கீழே வெற்றிடம் இருக்கும். அடுத்த மழையில் அடைப்பு உள்வாங்கி மறுபடியும் வாய் திறக்கும். 70 கன அடி போக வேண்டிய இடத்தில் 15 கன அடியிலேயே நிரம்பி விட்டால் சந்தேகப்பட வேண்டும். உலர்ந்த மணலையும் கூழாங்கல்லையும் கூடை கூடையாக விட்டு, கடைசிச் சில அடிகளைக் களிமண்ணால் இடித்து முடிப்பது நல்லது. நிரப்ப மனமில்லாதவர், வடிகட்டும் குழி அமைத்து மழைநீரை உள்ளே செலுத்தும் துளையாக அதனை மாற்றிக் கொள்ளலாம். அப்போதும் குழாயும் மூடியும் கட்டாயம் இருக்க வேண்டும்.

கழிவுநீர்த் தொட்டியில்

இரண்டாவது இடத்தில் விழுபவர் குழந்தையல்லர். கூலிக்கு இறக்கி விடப்படும் மனிதர். மூடிய தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு முதலிய நச்சு வாயுக்கள் தேங்கி நிற்கும். மூச்சுக் காற்றும் குறைவாக இருக்கும். அழுகிய முட்டை நாற்றம் வீசினால்தான் அபாயம் என்று பலர் எண்ணுகின்றனர். அந்த வாயு மிகுந்தவுடன் மூக்கின் உணர்ச்சியே மரத்துப் போகிறது. நாற்றம் தெரியாத நிலையே கொடியது. முதலில் இறங்கியவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கும் இரண்டாமவரும் மூன்றாமவரும் மாள்வது இதனாலேயே. டீசல் எஞ்சினைக் கிணற்றுக்குள் வைத்து ஓட்டிய தோட்டங்களிலும் புகையினால் இவ்வாறே நேர்வதுண்டு.

மனிதரைக் கொண்டு மலக்குழிகளைத் துப்புரவு செய்விப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இப்பணிக்கு யந்திரங்களும் வந்துவிட்டன. திருவனந்தபுரத்தில் இளம் பொறியாளர் சிலர் தொடங்கிய ஜென்ரோபாட்டிக்ஸ் என்னும் நிறுவனம் 2018இல் பாண்டிகூட் என்ற யந்திரத்தை இயக்கிக் காட்டியது. பாண்டிகூட் என்றால் பெருச்சாளி, பொருத்தமான பெயர்தான். பாதாளச் சாக்கடையின் வாயில் சட்டம் நிற்க, அதிலிருந்து நீண்ட கை கீழே இறங்கிக் கழிவை வாரி வாளியில் இடுகிறது. இயக்குபவர் வெளியே நின்று திரையைப் பார்த்துக் கொள்கிறார். அவ்வாண்டிலேயே நம் மாநிலத்தில் கும்பகோணத்துக்கு இது வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான ஹோமோசெப் என்னும் கருவி தொட்டிகளுக்கென்றே அமைந்தது. சிறு வாய் வழியாக மடங்கி உள்ளே சென்று, குடை போல விரிந்து, சுழலும் தகடுகளால் இறுகிய கசட்டைக் கலக்கி, உறிஞ்சி எடுக்கத் தக்கதாக்குகிறது. 2022இல் இதன் முதல் யந்திரங்கள் சுய உதவிக் குழுக்களுக்கு அளிக்கப்பட்டன. அக்குழுக்களை நடத்தியவர்கள் இத்தொழிலிலே கணவரை இழந்த பெண்கள்.

சிறு பஞ்சாயத்துக்கள் இவற்றைத் தனித்து வாங்குவது இயலாது, வாங்குவதும் வீண். யூனியன் அளவில், அல்லது அண்டைப் பேரூராட்சிகளோடு சேர்ந்து வைத்துக் கொள்வதே முறை. இரட்டைக் குழிக் கழிப்பறை கட்டிய வீட்டாருக்கோ யந்திரமே வேண்டுவதில்லை. ஒரு குழி நிறைந்ததும் அடுத்ததற்குத் திருப்பிவிட்டு, ஏறத்தாழ இரண்டு ஆண்டு ஆறவிட்டால் முன்னது நாற்றமற்ற எருவாகிவிடும். புதிதாகக் கழிப்பறை கட்டுவோரிடம் அங்கத்தினர்கள் இதனை வற்புறுத்துவது, பின்னாளில் ஒரு யந்திரத்தை வாங்குவதற்குச் சமானம்.

மரம் ஏறும் யந்திரத்தைப் பற்றியும் விவசாயிகள் கேட்கிறார்கள். கேரளத்தில் அமிர்தபுரியிலுள்ள அமிர்தா பல்கலைக் கழகத்தார் அமரன் என்னும் யந்திரத்தைச் செய்துள்ளனர். தென்னையின் தண்டை வளையம் போலச் சுற்றிக் கொண்டு ஏறி, கீழே நிற்பவரின் ஏவலுக்கிணங்கக் குலையை அறுக்கிறது. வேகத்தில் பழகிய தொழிலாளியை எட்டவில்லை. அவருக்கு உள்ள உயிரபாயம் அதற்கு இல்லை. பனைக்கு இது பொருந்தாது. மட்டை அடிகள் துருத்தி நிற்கும் கரடுமுரடான தண்டு ஒரு தடை. பாளையைக் கடிப்பால் பதமாக நசுக்கி, நாள்தோறும் மெல்லியதாகச் சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டும் கைத்திறனை எந்த யந்திரமும் இன்னும் கற்கவில்லை. நம் பனையேறிகளுக்கு இப்போது வேண்டுவது உறுதியான இடைக்கயிறும் காப்பீடுமே.

யூனியனில் செய்யத் தக்கவை

கிராம சபை கூடும் நாட்களில் மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். அந்நாளுக்கு முன்பே வார்டு அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் வார்டிலுள்ள துளைகளை, ஓடுவன, நின்றவை, கைவிட்டவை என்று பிரித்துப் பட்டியல் எழுதிக் கொண்டு வரட்டும். புல எண், உரிமையாளர் பெயர், குழாய் இருக்கிறதா, மூடி இருக்கிறதா என்ற விவரம் போதும். ஊரில் மோட்டார் தூக்கும் மெக்கானிக்கைக் கூட அழைத்துச் சென்றால் பாதிக் கணக்கு அவர் வாயிலிருந்தே வந்துவிடும். ஆடு மேய்ப்பவர்களிடம் கேட்டால் மறுபாதி கிடைக்கும். தரிசில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவு கிராம நிர்வாக அலுவலருக்கும் தெரியாது.

விபத்து நேர்ந்துவிட்டால் 112க்கு உடனே தெரிவித்து, துளையின் விட்டத்தையும் குழந்தையின் குரல் கேட்கிறதா என்பதையும் சொல்ல வேண்டும். ஜனங்களை விளிம்பிலிருந்து நெடுந்தூரம் விலக்க வேண்டும். கூட்டத்தின் காலடியிலேயே மண் சரியும். மண் அள்ளும் யந்திரத்தைக் கொண்டு பக்கத்தில் தோண்ட எவரையும் அனுமதிக்கலாகாது. அதிர்ச்சியில் குழந்தை கீழே நழுவும். மெல்லிய குழாய் வழியே பிராணவாயு செலுத்தத் தீயணைப்புப் படையினரும் 108 வண்டியினரும் வரும் வரையில், தாயின் குரல் குழந்தைக்குக் கேட்டுக் கொண்டிருக்கச் செய்யலாம். துளைக்குள் காமிரா இறக்கிப் பார்க்கும் தொழிலாளர் அருகில் எங்கே இருக்கிறார் என்ற தொலைபேசி எண் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

யந்திரம் யூனியனுக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ வாய்க்கப் பெற்றாலும், அலமாரியில் பூட்டி வைத்தால் உரிய நாளில் மின்கலம் தீர்ந்து கிடக்கும். தொழிற்பயிற்சி பெற்ற இளைஞர் நால்வரைத் தேர்ந்து, மாதத்துக்கு ஒருமுறை பழக்க வேண்டும். பயிற்சிக்கு அதிகச் செலவில்லை. இருபதடி கேசிங் குழாய் ஒன்றை மேல்நிலைத் தொட்டியின் ஏணியோடு நிறுத்திக் கட்டி, பன்னிரண்டு கிலோ மணலை நிரப்பிய துணிப் பொம்மையை அதற்குள் விட்டு எடுக்கச் சொல்லலாம். முதலில் பொம்மையின் கைகள் மேலே தூக்கியிருக்கட்டும். அது கைவந்தபின் கைகளைப் பக்கவாட்டில் கட்டி விடுக. அதன்பின் பொம்மையை நனைத்துச் சேறு பூசி, இரவில் எடுக்கச் சொல்ல வேண்டும்.